பணியும் வேண்டும், ஆய்வும் வேண்டும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

கல்விக்கு வயது இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் வேலையில் இருக்கும் ஒருவர், "நான் மேலே படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "வேலையை விட்டுவிட்டா?" என்பதுதான். படிப்பு ஒரு கரை, பணி மறுகரை. இரண்டிலும் கால் வைப்பவர் நடு ஆற்றில் விழுவார் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். முனைவர் பட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நூலகத்தில் தவம் கிடக்க வேண்டும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேறொருவர் சம்பாதிக்க வேண்டும். அப்படியானால் சம்பாதித்துத் தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆய்வு எட்டாக்கனிதானா?

இந்த எண்ணம் மாற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக, நம் கலைக்கல்லூரி வகுப்பறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன். இயன்முறை மருத்துவம் என்று ஏட்டிலும், பிசியோதெரபி என்று மக்கள் நாவிலும் வழங்கும் தொழில் அது. பணியிலிருக்கும் இயன்முறை மருத்துவர் இணையவழியில் முனைவர் நிலைக் கல்வி பெறுவது தகுமா? வரலாறு படிப்பவளுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் நகைக்கலாம். என் அண்ணி ஓர் இயன்முறை மருத்துவர் என்பது ஒரு காரணம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய நம் அனைவருடைய கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பது மற்றொரு காரணம்.

தொழில் வளர்ந்த வரலாறு

1894 ஆம் ஆண்டு இலண்டன் நகரில் நான்கு செவிலியர் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். மசாஜ் என்ற பெயரில் இழிதொழில் நடத்தியோர் அந்நகரில் மலிந்திருந்த காலம் அது. நேர்மையான தொழிலுக்கு ஒரு வேலி வேண்டும் என்று அந்த நால்வரும் எண்ணினர். பயிற்சி, தேர்வு, சான்றிதழ் ஆகிய மூன்றுமே அவர்கள் கட்டிய வேலி. இன்று பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்களின் பேரமைப்பாக விளங்குவது அந்தச் சங்கத்தின் வழிவந்ததே.

முதல் உலகப் போர் முடிந்தபோது, கைகால் செயலிழந்து திரும்பிய வீரர்களை மீண்டும் நடமாடச் செய்த பெண்கள் அமெரிக்காவில் 1921 ஆம் ஆண்டு தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். மேரி மெக்மில்லன் அதன் முதல் தலைவர். நம் நாட்டிலோ இளம்பிள்ளை வாதம் இத்தொழிலுக்கு வாயில் திறந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1953 ஆம் ஆண்டு பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கென ஒரு பள்ளி தோன்றியது.

போர் வளர்த்தது ஒரு நாட்டில். நோய் வளர்த்தது மற்றொரு நாட்டில். இன்று பக்கவாதமும், சாலை விபத்தும், முதுமையின் முழங்கால் வலியும் இத்தொழிலை ஒவ்வொரு ஊருக்கும் தேவையாக்கிவிட்டன.

அமெரிக்கா கட்டிய பாலம்

இத்தொழிலுக்கான படிப்பு அமெரிக்காவில் படிப்படியாக உயர்ந்தது. முதலில் சான்றிதழ், பின்னர் இளநிலைப் பட்டம், அதன் பின்னர் முதுநிலை. 1993 ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம், தொழிலில் நுழைவதற்கான பட்டமாகவே டாக்டர் பட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் அணி 1996 இல் வெளிவந்தது. 2020 ஆம் ஆண்டுக்குள் இச்சிகிச்சை டாக்டர் பட்டம் பெற்றவர்களால் அளிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் 2000 ஆம் ஆண்டில் தொலைநோக்கு வகுத்தது. 2016 தொடக்கம் முதல் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் அனைத்திற்கும் அதுவே விதியாயிற்று.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. இருபது ஆண்டுகளாக ஆயிரம் முழங்கால்களைத் தொட்டுப் பழகிய கைகளுக்கு உரியவர் இளநிலைப் பட்டத்தோடு நிற்கிறார். நேற்றுக் கல்லூரியை விட்டு வந்த இளைஞர் டாக்டர் பட்டத்தோடு பக்கத்து மேசையில் அமர்கிறார். மூத்தவர் என்ன செய்வார்? வேலையை விட்டு மூன்றாண்டு மீண்டும் கல்லூரிக்குப் போக முடியுமா? வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருக்குமா?

இவர்களுக்காகக் கட்டப்பட்டதே இடைமாற்றப் படிப்பு. ஏற்கெனவே உரிமம் பெற்றுப் பணிபுரிபவர், தம் பழைய பாடத்திட்டத்திற்கும் புதிய பாடத்திட்டத்திற்கும் உள்ள இடைவெளியை மட்டும் படித்து நிரப்பும் ஏற்பாடு அது. ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகம் போன்றவை அதை இணையவழியிலேயே வழங்கின. நம் நாட்டில் படித்து அங்கே பணிக்குச் சென்றவர்களும் இப்பாலத்தின் வழியே கடந்திருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில் இருப்பது என்ன? நோயை வேறுபடுத்தி அறிதல், மருந்தியல், எக்ஸ்ரே முதலிய படங்களைப் புரிந்துகொள்ளல், ஆய்வுச் சான்றுகளை எடைபோடுதல் ஆகியவை. இவை ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவரின் சீட்டு இல்லாமலே நோயாளி நேராக இயன்முறை மருத்துவரிடம் வரும் வழி, ஏதேனும் ஒரு வடிவில், 2015 ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் திறந்துவிட்டது. இடுப்பு வலி என்று ஒருவர் வருகிறார். கூடவே சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையின் உட்புறம் மரத்துப் போயிற்று என்கிறார். அது பயிற்சியால் தீரும் வலி அன்று. தண்டுவடத்தின் அடி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி. அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். கெண்டைக்கால் வலி என்று வருபவருக்கு இரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் காணும் கண் தவறவிட்டால் இரண்டாவது கண்ணுக்கு வேலை இருக்காது. இந்த அறிவைக் கணினித் திரையின் வழியே கற்க முடியாதா? முடியும் என்பதே என் துணிபு.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மேலே சொன்னது தொழில்முறை டாக்டர் பட்டம். புதிய உண்மையைத் தேடிக் கண்டு ஆய்வேடு எழுதிப் பெறும் பட்டம் வேறு. முன்னது தொழிலைச் செம்மையாகச் செய்யக் கற்பிப்பது; பின்னது தொழிலையே கேள்வி கேட்கக் கற்பிப்பது. பணிபுரிவோர்க்கு இரண்டும் வேண்டும் என்பேன்.

கையால் செய்யும் தொழிலைத் திரை கற்பிக்குமா?

இணையவழி என்றவுடன் முதலில் எழும் மறுப்பு இதுதான். நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியுமா என்று கேட்பது போன்றது. மறுப்பு நியாயமானதே. தசையின் இறுக்கத்தை விரல்தான் அறியும். விரலுக்கு விரல்தான் ஆசான். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவரை வீட்டில் உட்கார வைத்து இணையவழியில் இயன்முறை மருத்துவர் ஆக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நானே முதலில் எதிர்ப்பேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 ஆம் ஆண்டு விதிகள் தொலைநிலையிலும் இணையவழியிலும் இப்படிப்பை நடத்தக் கூடாது என்று தடுத்திருப்பது அவ்வகையில் சரியே.

ஆனால் நாம் பேசுவது யாரைப் பற்றி? நீச்சல் அறிந்து, நாள்தோறும் ஆற்றில் இறங்கிக்கொண்டிருப்பவரைப் பற்றி. அவருக்கு வேண்டியது ஆற்றின் வேகத்தை அளக்கும் கணக்கு. கைப்பழக்கம் அவரிடம் இருக்கிறது. நோயாளி அவர் எதிரே இருக்கிறார். சோதனைச்சாலையும் அவர் பணியிடமே. மாலையில் படித்ததை மறுநாள் காலையில் செய்து பார்க்கும் வாய்ப்பு, நாள் முழுதும் நூலகத்தில் அமர்ந்திருப்பவருக்கும் கிட்டாது.

இந்தச் சந்தேகம் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1971 இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிய காலத்தில் "தபால் பட்டம்" என்று எள்ளி நகையாடியவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தோடு எத்தனை எழுத்தர்கள் அதிகாரிகள் ஆனார்கள், எத்தனை இடைநிலை ஆசிரியர்கள் பட்டதாரி ஆசிரியர்கள் ஆனார்கள் என்பதை இம்மலரைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் நன்கறிவார்கள். தபால் பையில் வந்த பாடத்திற்கும் கல்வி என்றே பெயர். அங்கும் ஏமாற்று நடந்ததுண்டு. படிக்காமல் எழுதியவர்களும் உண்டு. அதற்காக அந்த வாயிலை மூடியிருந்தால் எத்தனை பேருடைய வாழ்வு மூடிப்போயிருக்கும்!

ஆய்வறிவு ஏன் வேண்டும்?

"நோயாளியை நடக்க வைப்பவருக்கு ஆய்வு எதற்கு? பயிற்சி கொடுத்தால் போதாதா?" என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு இரண்டு ஆய்வுகளை விடையாகத் தருகிறேன்.

பக்கவாதம் வந்தவரை எவ்வளவு விரைவாக எழுப்பி நடமாட வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது மருத்துவமனைகளில் பரவலாக இருந்த நம்பிக்கை. ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவரான ஜூலி பெர்ன்ஹார்ட் இதை நம்பிக்கையாகவே விட்டுவைக்கவில்லை. 5 நாடுகளில் 56 பக்கவாதப் பிரிவுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு அவர் தலைமையில் நடந்த ஆய்வு, லான்செட் இதழில் 2015 இல் வெளியாயிற்று. முதல் 24 மணி நேரத்திற்குள் அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பி நடமாட வைத்தவர்களிடையே, மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தோரின் விகிதம் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் குறைவாகவே இருந்தது! நல்லெண்ணத்தோடு செய்தது நன்மையில் முடியவில்லை. அளந்து பார்த்திராவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. நாட்டில் எல்லா நோயாளிகளுக்கும் போதிய இயன்முறை மருத்துவர்கள் இல்லை. ஆகவே குடும்பத்தாருக்கே பயிற்சி தந்து, பக்கவாத நோயாளியை வீட்டிலேயே தேற்றலாமா என்று 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். 2017 இல் வெளியான முடிவு, வழக்கமான சிகிச்சையைவிட அது கூடுதல் பயன் தரவில்லை என்பதே. இதைப் படித்துச் சோர்ந்துவிடலாம். அல்லது, எந்தப் பயிற்சியை, எவ்வளவு நேரம், எப்படிச் சொல்லிக் கொடுத்தால் பயன் தரும் என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். அந்த அடுத்த கேள்வியைக் கேட்க வல்லவர் யார்? நாள்தோறும் அந்த வீடுகளுக்குள் போய் வருபவர்தான்.

என் அண்ணி அப்படிப் போய் வருபவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். யார் எத்தனை நாள் பயிற்சி செய்தார், எந்த வாரம் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று குறிப்பு. "கையைப் பத்து முறை தூக்குங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் மறுவாரம் பலரும் செய்திருப்பதில்லை. "மொச்சை உரியுங்கள், சொம்பில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றுங்கள்" என்று சொன்ன வீடுகளில் செய்திருக்கிறார்கள். அண்ணி இதைக் கண்டிருக்கிறார். ஆனால் கண்டது உண்மைதானா, தற்செயலா? எத்தனை பேரிடம் பார்க்க வேண்டும்? எதோடு எதை ஒப்பிட வேண்டும்? கைப்பிடியின் வலுவை எப்படி அளக்க வேண்டும்? இவற்றைச் சொல்லித் தர ஆளில்லை. அந்த நோட்டு அலமாரியில் கிடக்கிறது.

வெளிநாட்டு இணையவழிப் படிப்பு ஒன்றை அவர் விசாரித்தார். டாலரில் சொன்ன கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அண்ணன் பேசாமல் எழுந்து போய்விட்டார். நம் நாட்டில் பகுதிநேர ஆய்வுக்கு இடமுண்டு. 2022 ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள், பணியிடத்தில் தடையின்மைச் சான்று பெற்றுப் பகுதிநேரமாக ஆய்வு செய்ய இசைகின்றன. ஆனால் அதே விதிகள் தொலைநிலையிலும் இணையவழியிலும் முனைவர் பட்டம் கூடாது என்கின்றன. பாட வகுப்புக்கு ஒவ்வொரு முறையும் தொலைதூரப் பல்கலைக்கழகம் போய்வர, இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு விடுப்பு ஏது?

பட்டக் கடைகளும் பெயர்ப்பலகையும்

தடைக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டத்தைப் பண்டமாக்கி விற்போர் பெருகிவிட்டனர். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து இணையவழி முனைவர் பட்டம் தருவதாக விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டாம், அப்பட்டங்கள் செல்லா என்று 2022 அக்டோபரில் மானியக் குழுவே எச்சரித்தது. ஆய்வில்லாத ஆய்வுப் பட்டம் நெல்லில்லாத பதர். அதைத் தூற்றியே ஆக வேண்டும். ஆனால் பதரைத் தூற்றுகிறவர் களத்து நெல்லையும் காற்றில் விட்டுவிடுவாரோ?

மற்றொரு பூசல் பெயருக்கு முன்னால் இடும் "டாக்டர்" பற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம், இயன்முறை மருத்துவர்கள் அவ்வாறு இட்டுக்கொள்ளலாகாது என்று ஒரு கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. இரு தரப்பும் இதில் காட்டிய சூட்டில் பாதியைக் கல்வியின் தரத்தில் காட்டியிருந்தால் நாட்டுக்கு நன்மை விளைந்திருக்கும். என் கருத்து எளியது. பலகையைப் படிக்கும் பாமரர் ஏமாறக் கூடாது. பட்டம் பெற்றவர் பட்டத்தை எழுதட்டும். அதே அளவு எழுத்தில் "இயன்முறை மருத்துவம்" என்று தமிழிலும் எழுதட்டும். அமெரிக்காவிலும் இடைமாற்றப் படிப்பை முடித்தவருக்குத் தொழில் உரிமம் கூடுதலாக ஒன்றும் விரிவதில்லை. பழைய உரிமமே தொடர்கிறது. கூடுவது அறிவு மட்டுமே. அறிவுக்காகப் படிப்பவர் அதற்கு வருந்த மாட்டார்.

செய்யத்தக்கவை

குறை சொல்லி முடிப்பது எளிது. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, பணியிலிருந்து குறிப்பிட்ட ஆண்டுகள் நிறைந்தவர்களுக்கு மட்டும், பகுதிநேர ஆய்வின் பாட வகுப்புகளை இணையவழியில் நடத்த விதி இடம்தர வேண்டும். புள்ளியியல், ஆய்வு முறை, கட்டுரைகளை எடைபோடுதல் ஆகியவற்றைக் கற்க ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, கைத்திறன் சார்ந்தவற்றுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் ஆண்டுக்குச் சில வாரம் நேரில் வந்தே தீர வேண்டும். இதில் சலுகை கூடாது. அவ்வாரங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தருவது பணியமர்த்துவோர் கடமை ஆக வேண்டும்.

மூன்றாவது, ஆய்வுப் பொருள் அவரவர் நோயாளிகளின் துன்பத்திலிருந்து எழ வேண்டும். நோயாளியின் இசைவும், அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெற்றே தொடங்க வேண்டும். நம்பி வந்தவரை அவர் அறியாமல் ஆய்வுப் பொருளாக்குவது பாவம்.

நான்காவது, நெறியாளர் ஒருவருக்கு இத்தனை மாணவர்தாம் என்ற வரம்பு இணையவழியிலும் இம்மியும் தளரக் கூடாது. திரையில் நூறு முகம் தெரியலாம். நூறு ஆய்வேட்டை ஒருவர் திருத்த முடியாது.

இன்னொன்றையும் பெண் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்ற சொல் பெண்களின் காதில் தேனாய்ப் பாய்கிறது. ஆனால் சமையல், பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருந்து எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குத் திரையைத் திறப்பவர் எதைக் கற்பார்? இணையவழி பயண நேரத்தை மிச்சமாக்கும். வீட்டு வேலையைப் பங்கிடாது. அதைப் பங்கிட வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்கள். மனைவியின் படிப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத கணவர்கூட, இரவுப் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்து ஒரு மணி நேரம் வாங்கித் தரலாம். அது எந்த உதவித்தொகைக்கும் குறைந்ததன்று.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் இந்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு வேலைக்குப் போகிறவர்கள். போகும்போது நூலக அட்டையோடு கேள்விகளையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டாம். எந்த வேலையில் அமர்ந்தாலும், "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்? வேறு விதமாய்ச் செய்தால் என்ன ஆகும்?" என்று ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வையுங்கள். பேராசிரியப் பெருமக்களே! அப்படி ஒரு நோட்டோடு என்றேனும் ஒருவர் உங்கள் வாயிலில் வந்து நின்றால், எந்தத் துறை, எத்தனை வயது என்று பாராமல் உள்ளே அழையுங்கள். உழைக்கும் கைகள் எழுப்பும் கேள்விக்குப் பல்கலைக்கழகம் செவிசாய்க்கும் நாளே நம் கல்விக்குத் திருநாள்.